நாற்பது குதிரை எஞ்சின்

சந்நிதியான் துணை

பொலிகண்டி
18.08.2024

என்ரை மருமகள் நிவேதனாவுக்கு,

உன்ரை மாமன் கனகரத்தினம் மீன் சந்தைச் சீமெந்து மேசையிலை இருந்து எழுதுறன். கடதாசியிலை செதில் ஒட்டியிருந்தால் குறை நினையாதை. பயிற்சி முடியுமட்டும் எட்டு மாசத்துக்குப் போன் தரமாட்டினம், கடிதம்தான் எண்டு நீ சொல்லிப்போட்டுப் போக, நான் அண்டைக்கே ஒரு கொப்பியும் ரண்டு பேனையும் வாங்கிப்போட்டன். எட்டாம் வகுப்போடை விட்ட ஆள் எண்டு ஆரும் சொல்லட்டும். எட்டாம் வகுப்பு வாத்தியார் கணக்குப் பிழைச்சால் என்னைத்தான் திரும்பிப் பாக்கிறவர். பேந்து ஏன் விட்டனி எண்டு கேட்டால், படிக்க மிச்சம் ஒண்டும் இருக்கேல்லை.

பிள்ளை, ஊர் முழுக்க உன்ரை கதைதான். படைப் பல்கலைக்கழகத்திலை எடுபட்டு, படிச்சு முடிய எஞ்சினியரும் நீதான், ஆமி ஒபிசரும் நீதான் எண்டால் சும்மாவே? இப்ப நான் ஏலம் துவங்கிறதே வேறை மாதிரி. பாரை மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, "இந்தா, ஒபிசரின்ரை மாமன் கூறுறன், கேளுங்கோ விலை!" எண்டுறன். உனக்கு வெள்ளைக் குதிரை ஒண்டு தந்திருக்கினம் எண்டும், நீ ஏற அது முன்னங்காலை மடிச்சுக் குடுக்குது எண்டும் சொல்லியிருக்கிறன். பக்கத்து மேசையிலை ஏலம் கூறுற ஆழ்வாப்பிள்ளையை உனக்குத் தெரியும்தானே, அந்தக் கறள் பிடிச்ச மண்டையன். "ஆமிக்கு ஆள் பிடிச்சுக் குடுத்தவன் நீதானே" எண்டான். "உன்ரை பொடியனை ஆமி எடுக்காது, அவன் நிண்டால் நிழலே விழாது" எண்டு குடுத்தன் பார், சந்தையே சிரிச்சுது. கொஞ்சப் பேர் சிரிக்கேல்லைத்தான். அவைக்குப் பகிடி விளங்காது.

கொம்மா உன்னோடை கதைக்காமல் விட்டதைப் பற்றி யோசியாதை. அவ நல்லாய் இருக்கிறா. உன்ரை படத்தை அலுமாரிக்கு மேலை வைச்சு ஒவ்வொரு நாளும் பூ வைக்கிறா. வழமை போலை காலமை ஒன்பது மணிக்கு நான்தான் அவவை மோட்டச்சைக்கிள்லை ஏத்திக்கொண்டு, காணாமல் போன ஆக்களின்ரை தாய்மாரும் பெண்சாதிமாரும் இருக்கிற கொட்டிலுக்குப் போறன். எட்டு வருசத்திலை ஒரு நாள் பிந்தினதில்லை. இறங்கேக்கை கொப்பரின்ரை படத்தை என்ரை கையிலை தந்துபோட்டுத்தான் இறங்குவா. சீலை சிக்கக் கூடாது, படமும் விழக் கூடாது. நான் அதை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிப்பன். அந்த நேரம் என்னைப் பாத்தால் மந்திரி மாதிரி இருக்குதாம்.

2007 மாசியிலை உன்ரை கொப்பர் இராசநாயகத்தை வெள்ளை வான்காரர் பிடிச்சு ஏத்தேக்கை உனக்கு மூண்டு வயசு. வானுக்குப் பின்னாலை கால் மைல் ஓடி, கதவுப் பிடியிலை தொங்கி, முழங்கால் கிழிஞ்ச ஆள் நான். தழும்பை இப்பவும் பாக்கலாம். அந்தத் துணிவுதான் உனக்கும் வந்திருக்குது. பயப்பிடாமல் நட.

உன்ரை ஒரே மாமன்
க. கனகரத்தினம்

*

பயிற்சி முகாம்
15.09.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு வரும் கடிதமும் போகும் கடிதமும் பிரித்து வாசிக்கப்படும். தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ற் ஒருவர் இருக்கிறார். நல்லவர். வெள்ளைக் குதிரையைப் பற்றி என்னிடம் விசாரித்தார். மாமா, இங்கு ஒருவருக்கும் குதிரை தரப்படவில்லை.

காலை நாலரைக்கு விசில் அடிக்கும். கட்டில் விரிப்பின் மூலை கத்தியால் வெட்டியது போல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வேண்டும். நான் நாலு தடவை சுற்றிவிட்டேன். கட்டளைகள் எல்லாம் சிங்களத்தில். முதல் வாரம் ‘வமட்ட’ என்றதும் எழுபது பேரும் இடப்பக்கம் திரும்ப, நான் மட்டும் வலப்பக்கம் திரும்பி அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது பிழைப்பதில்லை. எழுதவும் வாசிக்கவும் வந்துவிட்டது.

மாலையில் வரைபட வகுப்பு, முள்ளுக்கரண்டி பிடிக்கும் வகுப்பு, ஆணையிடும் குரலுக்கு ஒரு வகுப்பு. நீச்சல்தான் பெரும் பாடு. கடற்கரைப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாதா என்று சிரிக்கிறார்கள். அப்பாவுக்குப் பிறகு அம்மா என்னைக் கடலில் கால் நனைக்க விட்டதில்லை என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஒரு முக்கியமான விடயம். தை மாதம் குடும்ப விசாரணைக்கு ஊருக்கு ஆட்கள் வருவார்கள். அது சரியாக அமைந்தால்தான் நான் தொடரலாம். என் படிவத்தில் அப்பாவைப் பற்றி, ‘காணாமல் போனவர், தொழில் எஞ்சின் திருத்துதல்’ என்று எழுதியிருக்கிறேன். உண்மை அதுதான். நீங்களும் அதையே சொன்னால் போதும்.

உயிரோடு இருப்பவர்களின் படத்துக்குப் பூ வைப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா உண்மையில் என்ன சொல்கிறா, மாமா?

அன்புடன்
இ. நிவேதனா

*

சந்நிதியான் துணை

பொலிகண்டி
30.11.2024

மருமகள் நிவேதனாவுக்கு,

மழை. கடல் எழும்பி நிக்குது. சந்தையிலை மீனை விட நாய்தான் கூட. அதாலை ஆறுதலா எழுதுறன்.

நீ கேட்டாய், கொம்மா என்ன சொல்லுறா எண்டு. பிள்ளை, கொம்மாவுக்கு இப்ப கொட்டிலிலை தனிக் கதிரை! மற்றதுகள் எல்லாம் பாயிலை நெருக்கிக்கொண்டு இருக்க, கொம்மா மட்டும் வேலியோரம் கதிரையிலை. தேத்தண்ணியும் தனிக் கோப்பையிலை. ஒபிசரின்ரை தாய் எண்டால் மரியாதை வேணும்தானே. பராசக்தி அக்கா முந்திக் கொம்மாவின்ரை மடியிலை தலை வைச்சு அழுகிறவ. இப்ப கொம்மாவைக் கண்டால் எழும்பி அங்காலை போய் இடம் விட்டுக் குடுக்கிறா.

எண்டாலும் ஒண்டு ரண்டு விசருகள் ‘ஆமிக்காரியின்ரை தாய்’ எண்டு காது கேக்கச் சொல்லுதுகள். போன மாதம் வீட்டுப் படலையிலை ஆரோ தார் பூசியும் விட்டிருக்கினம். நல்ல தார். பலகை இனி உளுக்காது. ஆனால் கொம்மா ரண்டு நாள் சாப்பிடேல்லை. அப்பதான் நான் ஒரு வேலை பாத்தன்.

கார்த்திகை 27க்கு, இயக்கத்திலை இருந்து செத்தவையின்ரை படங்களைப் பொடியள் பலகையிலை அடிச்சுச் சந்தியிலை வைக்கிறவங்கள்தானே. கொப்பரின்ரை படத்தைக் கொண்டுபோய்க் குடுத்தன். "இராசநாயகம் அந்த நாளிலை ரகசியமாய் இருந்த பெரிய ஆள், இப்பதான் சொல்லுற நேரம் வந்திருக்குது" எண்டன். நான் லெப்டினன் கேணல் எண்டுதான் கேட்டனான். பலகையிலை இடம் காணாதெண்டு கப்டனோடை நிப்பாட்டிப் போட்டாங்கள். ‘கப்டன் கடலரசன்.’ பேர் நான் வைச்சதுதான். எப்பிடி?

சனம் வந்து விளக்குக் கொளுத்தி அழுதுது. அவரோடை ஒரே படகிலை போனதெண்டு ஒரு மனிசன் என்ரை தோளைப் பிடிச்சுக் குழறினான். எனக்கே கண்ணீர் வந்திட்டுது. ஆழ்வாப்பிள்ளையும் ஒரு திரி வைச்சான். ஆமிக்காரியின்ரை தாய் எண்ட வாய் எல்லாம் இப்ப கப்டனின்ரை மனிசி எண்டு சொல்லும் பார்.

கொம்மா அண்டைக்கு வரேல்லை. அடுத்த நாள் மோட்டச்சைக்கிள்லை சந்தியாலை போகேக்கை பலகையைப் பாத்தா. "அண்ணை, உது ஆர்?" எண்டு கேட்டா. சந்தோசத்திலை ஆளையே மட்டுக்கட்டேல்லை.

இப்ப எங்கடை வீட்டிலை ரண்டு ஒபிசர். அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு. இனி எவன் வந்தாலும் எங்களுக்குச் சலூட்தான்.

உன்ரை மாமன்
க. கனகரத்தினம்

*

16.12.2024

மாமா,

இந்தக் கடிதத்தை லீவிலை போற பிள்ளை ஒண்டிட்டைக் குடுத்து வெளியிலை தபாலிலை போடுவிக்கிறன். அதாலை உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

உங்கடை கடிதம் பிரிச்சபடிதான் வந்தது. தமிழ் வாசிக்கிற சார்ஜன்ற் தகப்பனின்ரை அந்தியேட்டிக்குப் போயிருந்தவர். அந்த மனிசனின்ரை தகப்பன் செத்ததாலை நான் தப்பினன். கடிதத்தைக் கிழிச்சு நனைச்சு, கூழாக்கித்தான் எறிஞ்சனான்.

அப்பா செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

பதினேழு வருசமா அம்மா ஒரு கேள்வியைத்தான் கேக்கிறா. எங்கை? அந்தக் கேள்விக்கு நீங்கள் பலகையிலை பதில் எழுதி, அதுக்கு ஒரு பட்டமும் குடுத்து, சந்தியிலை நட்டு வைச்சிருக்கிறியள். அம்மா "உது ஆர்" எண்டு கேட்டது ஆளைத் தெரியாமல் இல்லை, மாமா. தனிக் கதிரை எண்டால் என்னெண்டும் எனக்கு விளங்கும். தனிக் கோப்பையும் விளங்கும்.

நான் ஏன் இதுக்குள்ளை வந்தனான் எண்டு நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை. அம்மாவும் கேக்கேல்லை. இப்ப சொல்லுறன். அப்பாவைக் கொண்டுபோன நாளிலை, ஏதோ ஒரு கந்தோரிலை, ஆரோ ஒருத்தன் ஒரு கடதாசியிலை எழுதியிருப்பான். ஆர் சொல்லி, ஏன், எங்கை எண்டு. அது எங்கையோ ஒரு கோப்பிலை கிடக்கும். அம்மா வெளியிலை இருந்து கேட்டுப் பாத்தா. கதவு திறக்கேல்லை. நான் உள்ளுக்கு நிண்டு, அவையின்ரை உடுப்பைப் போட்டு, அவையின்ரை பாசையைப் படிச்சு, இருபது வருசம் செண்டாலும் பரவாயில்லை, அந்தக் கடதாசியை ஒருக்கால் வாசிக்க வேணும். அவ்வளவுதான். எனக்குச் சலூட்டும் வேண்டாம், குதிரையும் வேண்டாம்.

இதை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அவ நம்பத் துவங்கிவிடுவா.

தை மாதம் ஆக்கள் வருவினம். அதுக்கு முதல் பலகையைக் கழட்டுங்கோ. அவை கேட்டால், அப்பா எஞ்சின் திருத்துறவர் எண்டு சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாயை மூடுங்கோ. உங்களிட்டை நான் கேக்கிற முதல் உதவி இது.

நிவேதனா

*

சந்நிதியான் துணை

பொலிகண்டி
26.01.2025

மருமகள் நிவேதனாவுக்கு,

முதல் நல்ல செய்தி. பலகை கழட்டியாச்சு. உன்ரை கடிதம் கிடைச்ச அண்டைக்கே ஏணி வைச்சு ஏறி, நானே கழட்டினன். பொடியள் குழம்பினவங்கள். "கப்டனை எங்கை கொண்டுபோறியள் ஐயா?" எண்டாங்கள். "மழைக்குக் கிழவனுக்குச் சளி பிடிக்கும்" எண்டுபோட்டு வந்திட்டன். எரிக்கலாம் எண்டு அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனன். முகம் பாத்துக்கொண்டிருக்குது, எப்பிடி எரிக்கிறது? பேரை அறுத்து எரிச்சுப்போட்டு முகத்தை மட்டும் அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறன்.

நீ எழுதின அந்தக் கோப்பு விசயம். பிள்ளை, பழைய கடதாசியை வாசிச்சு என்னத்தைக் காணப் போறாய்? இவ்வளவு வருசத்திலை கறையான் திண்டிருக்கும். திண்டிராட்டிலும் எழுதினவன் எத்தினை பொய் எழுதினானோ. உனக்கு நல்ல படிப்பு இருக்குது. எஞ்சினியராய் வந்து பாலம் கட்டு. உன்ரை கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். ரண்டு நாள் ஏலத்துக்கும் போகேல்லை. மூக்கு ஒழுகுற தடிமன்தான், வேறை ஒண்டும் இல்லை.

சரி, ரண்டாவது செய்தி. வியாழக்கிழமை பத்து மணிக்கு அவை வந்தினம். ரண்டு பேர். நல்ல மரியாதையான ஆக்கள், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்தவை. ஒருத்தர் எங்களை விட வடிவாய்த் தமிழ் கதைக்கிறார். தட்டை வடையும் தேத்தண்ணியும் குடுத்தன். கொம்மா கொட்டிலிலை. நல்லதாய்ப் போச்சு எண்டு நினைச்சன்.

"தகப்பன் என்ன தொழில்?" எண்டு கேட்டினம். "எஞ்சின் திருத்துறவர்" எண்டன். சொல்லிப்போட்டு வாயை மூடினன். சந்நிதியான் ஆணை, முழுசாய் ஒரு நிமிசம் மூடிக்கொண்டிருந்தன். அப்ப அந்தத் தமிழ் கதைக்கிறவர், "தண்ணிப் பம்பு திருத்துறவர் போலை" எண்டு எழுதப் போனார்.

தண்ணிப் பம்பு! என்ரை மச்சானை! எனக்கு ஏறிச்சுது. "ஐயா, இராசநாயகம் எண்டால் ஆரெண்டு நினைச்சியள்? கண்ணைக் கட்டிவிட்டாலும் நாற்பது குதிரை எஞ்சினைப் பூட்டுவான்" எண்டன். அவர் பேனையை நிப்பாட்டிப்போட்டு, "அப்பிடியே? இன்னொருக்கால் சொல்லுங்கோ" எண்டார். எவ்வளவு ஆசையாய்க் கேட்டவர் தெரியுமே? நானும் இன்னொருக்கால் சொன்னன். ஆழக்கடல் ஓடுற பெரிய ஆக்கள் எல்லாம் தேடி வாறவை எண்டும் சொன்னன். கப்டனைப் பற்றி மூச்சும் விடேல்லை. நீ சொன்னதைக் காப்பாத்திப் போட்டன்.

போகேக்கை எழுதினதிலை என்ரை கையெழுத்தும் வாங்கி, ரண்டு பேரும் கை தந்தவை. என்ரை கணக்குக்கு நீ பாஸ்.

உன்ரை மாமன்
க. கனகரத்தினம்

*

கொழும்பு
09.03.2025

மாமா,

நான் இப்ப முகாமிலை இல்லை. குருநகர் ஜெனிற்றா என்னோடை படிச்சவள், இஞ்சை ஒரு மருந்துக் கடையிலை வேலை செய்யிறாள். அவளின்ரை அறையிலை இருக்கிறன். உடுப்பு, தொப்பி, சப்பாத்து எல்லாத்தையும் எண்ணிக் குடுத்துக் கையெழுத்து வைச்சிட்டு வந்தனான். வெளிக்கிடேக்கை அந்தச் சார்ஜன்ற் மட்டும் கேற் வரைக்கும் வந்து, "நீச்சல் வந்திருக்கும், இன்னும் ரண்டு கிழமை இருந்திருந்தால்" எண்டார்.

மாசி 24 கூப்பிட்டவை. ஒரு பெரிய அதிகாரி. சத்தம் போடேல்லை. இருக்கச் சொன்னார். தகப்பன் கடலிலை சண்டை பிடிச்ச பிரிவுக்கு எஞ்சின் பூட்டிக் குடுத்தவர், அதை மறைச்சு நீ படிவம் நிரப்பியிருக்கிறாய் எண்டார். அப்பா பூவரசுக்குக் கீழை இருந்து சின்ன எஞ்சினும் தையல் மெசினும் திருத்தினவர் எண்டு சொன்னன். "உன்ரை சொந்த மாமன் கையெழுத்து வைச்சிருக்கிறார்" எண்டார்.

2007இலை எங்கடை கடலிலை நாற்பது குதிரை எஞ்சின் ஆரிட்டை இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். மீன்பிடிக்கச் சின்ன எஞ்சினுக்கு மட்டும்தான் அனுமதி. பெரிசு இயக்கத்திட்டை மட்டும்தான். மூண்டு வயசுப் பிள்ளையாய் இருந்த எனக்கே இது தெரியுது. கரையிலை பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தெரியாதே?

உங்கடை வாக்குமூலத்தைக் காட்டுறதுக்காக அவர் கோப்பை என்ரை பக்கம் திருப்பினார். சிங்களத்திலை தட்டச்சு. வாசிச்சன். திருப்பின வேகத்திலை அந்தத் தாள் விலகிப் போச்சு. அடியிலை பழுப்பு நிறத்திலை ஒரு பழைய தாள், மூலையிலை கறள் ஊசி குத்தியிருந்தது. 2007, மாசி 19. ஆறு வரி இருக்கும். நான் மூண்டு வரி வாசிக்கிறதுக்குள்ளை அவர் கையை வைச்சு மூடிப்போட்டார்.

அந்த மூண்டு வரியும் இதுதான். ‘மீன் சந்தையில் கிடைத்த தகவல். எஞ்சின் திருத்தும் இராசநாயகம். கண்ணைக் கட்டிவிட்டாலும் நாற்பது குதிரை எஞ்சினைப் பூட்டுவார்.’

ரண்டு தாளிலும் ஒரே வசனம். பதினெட்டு வருசம் இடைவெளி. கண்ணைக் கட்டிவிட்டாலும்.

அந்த ஒரு கடதாசியை வாசிக்கத்தான் நான் போனனான். வாசிச்சிட்டன். எங்கை எண்டது மிச்ச மூண்டு வரியிலை இருந்திருக்கும்.

2007 மாசியிலை சந்தையிலை அப்பாவைப் பற்றி அப்பிடிச் சொன்னது ஆர்? பேரை மட்டும் எழுதுங்கோ. வேறை ஒண்டும் எழுத வேண்டாம்.

நிவேதனா

*

பொலிகண்டி
17.03.2025

நிவேதனா,

கனகரத்தினம்.

பேரை மட்டும் எழுதச் சொன்னாய். எழுதிப்போட்டன். மிச்சத்தை நீ வாசிக்காட்டிலும் பரவாயில்லை, நான் எழுத வேணும்.

அண்டைக்குத் திங்கட்கிழமை. சந்தையிலை மீன் குறைவு. ரண்டு பேர் வந்தாங்கள். ஊர் ஆக்கள் இல்லை, ஆனால் நல்ல தமிழ். நான் கூறின விலைக்கு மேலை விலை கேட்டு ஒரு பாரையை எடுத்தாங்கள். எனக்குப் புளுகம், உச்சி குளிர்ந்து போச்சு. "எங்கடை எஞ்சின் ஒண்டு நிண்டு போச்சு, உங்கை ஆர் திருத்துறது?" எண்டு கேட்டாங்கள். என்ரை மச்சான் எண்டன். "கைராசியான ஆளோ?" எண்டாங்கள். அவ்வளவுதான் கேட்டாங்கள். நான்தான் நாற்பது குதிரையைச் சொன்னன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எண்டன். பெரிய ஆக்கள் தேடி வருவினம் எண்டன். ஆரும் கேக்கேல்லை. ஒரு மீனைத் தூக்கிப் பிடிச்சால் வாயிலை தானாய் வருமே, அப்பிடி வந்தது. என்ரை மச்சானைத் தூக்கிப் பிடிச்சு ஏலம் கூறிப்போட்டன்.

வீடு எங்கை எண்டு கேட்டாங்கள். சந்தை மண்ணிலை விரலாலை வழி கீறிக் காட்டினன்.

இராசநாயகம் ஒரு நாளும் நாற்பது குதிரை எஞ்சினைத் தொட்டதில்லை. கண்டானோ தெரியாது. பதினைஞ்சு குதிரை ஒண்டு வந்தாலே புத்தகத்தைப் பாத்துப் பாத்துத்தான் கழட்டுவான். பயந்த மனிசன். நான் பகிடி விட்டால் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு சிரிப்பான்.

பின்னேரம் நாலு மணிக்கு வான் வந்தது. நான் வானுக்குப் பின்னாலை ஓடேல்லை. நான் அங்கை இருக்கேல்லை. சந்தையிலை நிண்டு அந்தப் பாரை வித்த கதையைச் சொல்லிக்கொண்டு நிண்டனான். செய்தி கேட்டு ஓடி வரேக்கை மீன் தண்ணியிலை வழுக்கி விழுந்தன். முழங்கால் தழும்பு அதுதான்.

அடுத்த நாளே எனக்கு விளங்கிப் போச்சு. ஆருக்கும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு அவனை நான் கூட்டிக் கூட்டித்தான் சொன்னன். ரகசியமான ஆள் எண்டன், கடல் ஓடினவன் எண்டன், கடைசியிலை கப்டன் ஆக்கினன். அவன் உண்மையிலேயே பெரிய ஆளாய் இருந்திருந்தால், நான் அண்டைக்குச் சொன்னது பொய் இல்லை. அவனைப் பிடிக்க ஒரு காரணம் இருந்திருக்கும். என்ரை வாய் காரணமாய் இருக்காது. இவ்வளவு காலமும் நான் செய்த வேலை அதுதான் போலை.

எட்டு வருசமாய்க் கொம்மாவைக் கொட்டிலுக்கு ஏத்திக்கொண்டு போறன். ஆர் காட்டிக் குடுத்தது எண்டு அங்கை இருந்து கேக்கிறா. பின்னேரம் நானே போய்த் திருப்பி ஏத்திக்கொண்டு வாறன்.

இன்னொண்டு. தை மாதம் வந்த ஆக்களிட்டை நான் வாய் தவறிச் சொன்னனோ, வேணுமெண்டு சொன்னனோ எண்டு நீ கேப்பாய். எனக்கே தெரியாது. நீ உள்ளுக்குப் போய் அந்தக் கடதாசியைத் தேடப் போறன் எண்டு எழுதினாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. தண்ணிப் பம்பு எண்டு அவர் சொல்லேக்கை கோவம் வந்தது உண்மை. அந்த வசனத்தைச் சொல்லேக்கை, இதைச் சொன்னால் நீ திரும்பி வந்திடுவாய் எண்டு உள்ளுக்கு ஒண்டு சொன்னதும் உண்மை.

கனகரத்தினம்

*

கொழும்பு
23.03.2025

மாமா,

அம்மாவுக்குச் சொல்லுங்கோ. எனக்கு எழுதின மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல். அவ என்ன சொன்னவ எண்டு எனக்கு எழுதுங்கோ. அதையும் கூட்டாதேங்கோ.

நான் இப்போதைக்கு ஊருக்கு வரேல்லை. ஆமிக்காரி எண்டு தார் பூசின படலையைத் திறந்து, ஆமியே வேண்டாம் எண்டு அனுப்பின பிள்ளையாய் உள்ளுக்குப் போக எனக்குத் தெரியாது.

நிவேதனா

*

பொலிகண்டி
31.03.2025

நிவேதனா,

வெள்ளிக்கிழமை மத்தியானம் சொன்னன். கொம்மா குசினியிலை மீன் வெட்டிக்கொண்டு இருந்தா. நான் வாசல்லை நிண்டு சொன்னன். மண்ணிலை வழி கீறினதையும் சொன்னன். நீ ஏன் ஆமிக்குப் போனனி எண்டதையும் சொன்னன். அப்ப மட்டும் கையை நிப்பாட்டினா. பேந்து வெட்டினா.

ஒண்டும் சொல்லேல்லை. மீனைக் கழுவி, சட்டியை மூடி, கையைத் துடைச்சா. உன்ரை படத்தை எடுத்து அலுமாரிக்கு மேலை வைச்சா. இதுவரைக்கும் அது அலுமாரிக்குள்ளைதான் இருந்தது, சீலைக்குக் கீழை. பூ வைக்கிறா எண்டு எழுதினது நான் கூட்டினது. இப்பவும் பூ வைக்கேல்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மோட்டச்சைக்கிளை வெளியிலை எடுத்துக்கொண்டு நிண்டன். வரமாட்டா எண்டுதான் நினைச்சன். வந்தா. ஏறினா. கொட்டிலுக்கு வேறை வழி இல்லை, அந்தப் பக்கம் பஸ் போறதில்லை.

கொட்டிலடியிலை நிப்பாட்டினன். வழமை போலை கொப்பரின்ரை படத்தை வாங்கக் கையை நீட்டினன். இறங்கேக்கை சீலை மிதியிலை சிக்கிச்சுது. விழப் பாத்தா. ஒரு கையாலை வேலிக் கம்பியைப் பிடிச்சா. கம்பி கையை வெட்டிப்போட்டுது.

படத்தை என்னட்டைத் தரேல்லை.